உருளைக்கிழங்கு மூட்டைக்காகப் பிறந்த கார்

இரண்டு விவசாயிகள் ஏறிக்கொள்ள வேண்டும். கூடவே 50 கிலோ உருளைக்கிழங்கு. வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் போதும். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக் கூடாது. உழுத வயலில் ஓட்டினாலும் கூடையிலுள்ள முட்டை உடையக் கூடாது.

1930-களில் பிரான்ஸின் சிட்ரோயன் நிறுவனத்தில் பியர் ஜூல் பூலான்ழே தன் பொறியாளர்கள் முன் வைத்த நிபந்தனைகள் இவை. அதிலிருந்து பிறந்ததுதான் ‘2சிவி’.

கடனில் முளைத்த யோசனை

நிறுவனர் ஆந்த்ரே சிட்ரோயன் சிக்கனத்துக்குப் பேர்போனவர் அல்ல. ஈஃபிள் கோபுரத்தில் தன் பெயரை விளக்குகளால் எழுதியவர். முன்சக்கர இயக்கம் கொண்ட ‘டிராக்ஷன் அவாந்த்’ காருக்காகப் பணத்தைக் கொட்டினார். 1934-இல் கார் வந்தது. அதே ஆண்டில் நிறுவனம் திவாலானது. பெரிய கடன்காரரான டயர் நிறுவனம் மிஷ்லான் அதை எடுத்துக்கொண்டது. மறு ஆண்டே ஆந்த்ரே இறந்துபோனார்.

மிஷ்லானின் ஆளாக வந்த பூலான்ழேயின் பார்வை கிராமங்களின் பக்கம் திரும்பியது. குதிரை வண்டியில் சந்தைக்குப் போகிறவர்கள் இன்னும் ஏராளமாக இருந்தார்கள். அவர்கள் கார் வாங்கினால் டயரும் விற்கும்.

1939-இல் சுமார் 250 மாதிரிக் கார்கள் தயார். அவற்றுக்கு ஒரே ஒரு முகப்பு விளக்கு; சட்டம் அதற்கு மேல் கேட்கவில்லை! அதற்குள் போர் மூண்டது. ஜெர்மானியர் கையில் சிக்காமலிருக்கப் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன, சில ஒளித்துவைக்கப்பட்டன. 1990-களில் சிட்ரோயனின் லா ஃபெர்த்தே விதாம் சோதனை மையத்தின் கொட்டகைப் பரணில் மூன்று கார்கள் கிடைத்தன.

சிரித்தவர்களும் காத்திருந்தவர்களும்

1948 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் திரை விலகியபோது, பத்திரிகைக்காரர்கள் தகரடப்பா என்று கேலி செய்தார்கள். வாங்க வந்தவர்களோ வரிசையில் நின்றார்கள். காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. கிராமத்து மருத்துவர், பாதிரியார் போன்றோருக்கு முன்னுரிமை தரப்பட்டது.

375 சிசி, இரண்டு சிலிண்டர், 9 குதிரைத்திறன். காற்றே எஞ்சினைக் குளிர்விப்பதால் ரேடியேட்டர் இல்லை. தண்ணீர் உறையுமோ கொதிக்குமோ என்ற கவலையும் இல்லை. மேற்கூரை சுருட்டிவைக்கும் கித்தான் துணி; உயரமான சாமானையும் நிறுத்தி ஏற்றலாம். இருக்கைகளைக் கழற்றி வெளியே போட்டு உட்காரலாம்.

முட்டைக் கணக்கைத் தீர்த்தது சஸ்பென்ஷன். ஒவ்வொரு பக்கத்திலும் முன்சக்கரமும் பின்சக்கரமும் அடித்தளத்தை ஒட்டிய ஸ்பிரிங்குகளால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. முன்சக்கரம் மேட்டில் ஏறினால், அந்த அசைவில் ஒரு பங்கைப் பின்சக்கரம் வாங்கிக்கொள்ளும். வளைவுகளில் வண்டி பயமுறுத்தும் அளவுக்குச் சாயும். ஆனால் லேசில் கவிழாது.

2சிவியின் உருவத்தைச் செதுக்கியவர் இத்தாலியச் சிற்பி ஃப்ளாமினியோ பெர்த்தோனி. 1955-இல் உலகம் வாய்பிளந்து பார்த்த சிட்ரோயன் ‘டிஎஸ்’ காரும் அவர் கைவண்ணமே. எண்ணெயும் வாயுவும் தாங்கும் சஸ்பென்ஷன், தரையிலிருந்து தானே எழும் உடல் என்று அது ஆடம்பரத்தின் உச்சி. இரண்டும் ஒரே கூரையின் கீழ் உருவானவை என்றால் நம்புவது கடினம்.

ஏழையின் வண்டி, நாகரிகமான கதை

1961-இல் ரெனோ 4 போட்டிக்கு வந்தது. கிராமத்தார் மெல்ல வசதியான கார்களுக்கு மாறினார்கள். மாணவர்களும் பழமை விரும்பிகளும் 2சிவியைத் தத்தெடுத்தார்கள். தொடக்கத்தில் சாம்பல் நிறத்தில் மட்டுமே கிடைத்த கார், 1980-இல் ‘சார்ள்ஸ்டன்’ என்ற இருநிற அலங்காரப் பதிப்பாகவும் வந்தது. 1990 ஜூலையில் போர்ச்சுகலின் மாங்குவால்தே ஆலையில் கடைசி வண்டி உருவானது. வேன்களைச் சேர்க்காமலே 38 லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது.

பூலான்ழேயின் நிபந்தனைகளில் காரின் அழகுக்கு முக்கியத்துவமே இல்லை. யார் ஏறுவார், எதை ஏற்றுவார், எந்தப் பாதையில் போவார் என்பதே அவற்றில் இருந்தது. மற்றதைப் பொறியாளர்களின் கெட்டிக்காரத்தனத்துக்கு விட்டுவிட்டார். கை கட்டப்பட்டிருந்ததால்தான் அவர்களுடைய மூளை அவ்வளவு வேலை செய்தது.