வெளிநாட்டுச் செயலிகளும் தரவுத் தனியுரிமையும்: தமிழகப் பொதுமனநிலையின் போக்கு (2018–2025)

ஆய்வுச்சுருக்கம்

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு உரிமையான சமூக ஊடகச் செயலிகள் குறித்துத் தமிழகத்தில் எழுந்த எதிர்ப்புகள் ஒரே காரணத்தால் விளைந்தவை அல்ல. டிக் டாக், வாட்ஸ்அப், அரட்டை ஆகிய மூன்றையும் மையமாகக் கொண்டு, செயலியின் உரிமையாளர் எந்நாட்டவர் என்னும் வினா, பயனரின் செய்தியை யார் படிக்க இயலும் என்னும் வினாவின் இடத்தை எவ்வாறு பிடித்துக்கொண்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கருத்துக்கணிப்புகளைக் காட்டிலும் வழக்குகள், சட்டமன்ற விவாதம், அரசாணைகள், செயலிகளுக்கிடையே நிகழ்ந்த பயனர் இடப்பெயர்வு ஆகியவையே சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தனியுரிமை, தரவு, டிக் டாக், வாட்ஸ்அப், அரட்டை, மறையாக்கம், செங்கல்பட்டு

முன்னுரை

திருப்போரூர் வட்டாரம் இப்பொருளை ஆராய்வதற்கு எதிர்பாராத அளவு ஏற்ற நிலப்பரப்பாக அமைந்துள்ளது. தெற்கே கடற்கரையில் உள்ள மாமல்லபுரத்தில் 2019 அக்டோபர் 11, 12 ஆகிய நாள்களில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தனர். அடுத்த ஒன்பது மாதங்களுக்குள் சீனச் செயலிகள் இந்தியாவில் தடைசெய்யப்பட்டன. வடக்கே, பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் பெருந்தரவு மையங்கள் எழுந்துள்ளன. மேற்கே கூடுவாஞ்சேரியை அடுத்த வல்லாஞ்சேரியில், ‘அரட்டை’ என்னும் செயலியை உருவாக்கிய சோஹோ நிறுவனத்தின் தலைமையகம் இயங்குகிறது. சீன உறவு, தரவின் இருப்பிடம், உள்நாட்டு மாற்றுச் செயலி ஆகிய மூன்று கூறுகளும் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

இவ்வட்டாரத்தில் செயலிகளின் பயன்பாடு பொழுதுபோக்கோடு நின்றுவிடுவதன்று. புவிசார் குறியீடு பெற்ற மாமல்லபுரக் கற்சிற்பத்தின் மாதிரிப் படமும் விலைப்பேச்சும் வாட்ஸ்அப் வழியே செல்கின்றன. வாழ்வாதாரத்தோடு பிணைந்துவிட்ட ஒரு கருவியைப் பற்றிய மனநிலை, அதன் மீதான நம்பிக்கையை மட்டும் பொறுத்ததாக இருக்க இயலாது. விலகிச் செல்வதற்கான செலவையும் அது பொறுத்தது.

டிக் டாக்: இரு வேறு எதிர்ப்புகள்

தமிழகத்தில் டிக் டாக் மீதான எதிர்ப்பு, சீனாவின் மீதான எதிர்ப்பாகத் தொடங்கவில்லை. 2019 பிப்ரவரியில் நாகப்பட்டினம் சட்டமன்ற உறுப்பினர் மு. தமிமுன் அன்சாரி இச்செயலியைத் தடைசெய்ய வேண்டுமெனச் சட்டமன்றத்தில் கோரினார். அப்போதைய தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் மு. மணிகண்டன், தடைக்காக ஒன்றிய அரசை அணுகுவதாக விடையளித்தார். இவ்விவாதத்தில் முன்னிறுத்தப்பட்டவை பண்பாட்டுச் சீரழிவும் இளையோர் நலனுமே.

அவ்வாண்டு ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, செயலியின் பதிவிறக்கத்தைத் தடுக்குமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது. கூகுள், ஆப்பிள் நிறுவனங்கள் தத்தம் அங்காடிகளிலிருந்து அதனை நீக்கின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று திரும்பிய பின், ஏப்ரல் 24 அன்று மதுரைக் கிளையே தடையை விலக்கிக்கொண்டது. இந்த ஆணையில் பலரும் கவனியாது விட்ட கூறு ஒன்று உண்டு. குழந்தைகளின் இணையத் தனியுரிமையைக் காக்க அமெரிக்காவில் உள்ளது போன்றதொரு சட்டத்தை இயற்றும் எண்ணம் உண்டா என ஒன்றிய அரசிடம் நீதிமன்றம் வினவியிருந்தது. குழந்தைகளின் தரவைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டியமைக்காக அமெரிக்க வணிக ஆணையம் இச்செயலி நிறுவனத்தின் மீது 57 இலட்சம் டாலர் தண்டத்தொகை விதித்தது அதே ஆண்டு பிப்ரவரியில்தான். ஆயின் தமிழ்ப் பொதுவெளியில் நிகழ்ந்த உரையாடல் ஆபாசத்தையும் ஆட்டபாட்டத்தையும் சுற்றியே அமைந்தது. நீதிமன்றம் எழுப்பிய மிகப் பயனுள்ள வினா கேட்பாரற்றுப் போயிற்று எனலாம்.

இரண்டாம் எதிர்ப்பு முற்றிலும் வேறு வகையினது. 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்தியப் படைவீரர்கள் உயிரிழந்தனர். அவர்களுள் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் கு. பழனியும் ஒருவர். இரு வாரங்கள் கழித்து, ஜூன் 29 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவின்கீழ் 59 செயலிகள் தடைசெய்யப்பட்டன. நாட்டின் இறையாண்மையோடு, பயனர் தரவு இசைவின்றி நாட்டுக்கு வெளியே உள்ள வழங்கிகளுக்கு அனுப்பப்படுவதாக வந்த முறையீடுகளையும் அரசின் அறிவிப்பு காரணமாகக் காட்டியது. தரவு என்னும் சொல் இவ்வாறு முதன்முறையாக நாட்டுப்பற்றின் சொற்களஞ்சியத்துள் நுழைந்தது.

சீன நிறுவனங்கள் மீதான ஐயம் அடிப்படையற்றதன்று. 2017இல் நடைமுறைக்கு வந்த சீன நாட்டு உளவுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, நிறுவனங்களும் குடிமக்களும் அரசின் உளவுப் பணிக்குத் துணைநிற்க வேண்டுமென விதிக்கிறது. எனினும் தடைக்குப் பின் நிகழ்ந்ததே மனநிலையை அறியச் சிறந்த சான்றாகும். 2020 ஜூலை 8 அன்று, அதாவது தடைக்குப் பின் ஒன்பதே நாள்களில், இன்ஸ்டாகிராம் ‘ரீல்ஸ்’ வசதியை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. சிங்காரி போன்ற உள்நாட்டுச் செயலிகள் சிறிது காலம் பேசப்பட்டாலும், காணொலி இடுவோரும் காண்போரும் பெரும்பாலும் அமெரிக்க நிறுவனத்தையே சென்றடைந்தனர். இரண்டாண்டுகளுக்கு முன்னரே, கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில், வெறும் 335 இந்தியர் ஒரு வினாடி-வினாச் செயலியை நிறுவியதன் விளைவாக ஏறத்தாழ 5.62 இலட்சம் இந்தியரின் தரவு கசிந்திருக்கலாம் என முகநூல் நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. அதே நிறுவனத்தின் பிறிதொரு செயலிக்குப் பெயர்வதில் எவருக்கும் தயக்கம் எழவில்லை.

இதற்குப் பெயரிடலும் ஓரளவு காரணமாகலாம். ‘முகநூல்’, ‘புலனம்’, ‘படவரி’, ‘கீச்சகம்’ எனத் தமிழ்ப்பெயர் பெற்ற செயலிகள் அனைத்தும் அமெரிக்காவுக்கு உரியவை. தமிழ்ப்பெயர் சூட்டப்பட்டதும் அவற்றின் அயன்மை பேச்சிலிருந்து மறைந்துவிடுகிறது. டிக் டாக் இறுதிவரை டிக் டாக்காகவே இருந்தது.

‘தனியுரிமை’ என்னும் சொல்

பொதுமனநிலையை ஆராய்வோர் சொற்பொருளைக் கடந்து செல்லல் ஆகாது. இன்று சட்டத்தமிழில் வழங்கும் ‘தனியுரிமை’ என்பது ஒருவருக்கே உரிய உரிமை, பிறர் பங்குபெறாத உடைமை என்னும் பொருள்களையும் தாங்கி நிற்கிறது. நிறுவனம் ஒன்றின் தனியுரிமைப் பொருள் என்று கூறுவதும் தமிழில் இயல்பே. மக்கள் வழக்கில் உள்ள ‘அந்தரங்கம்’ வேறொரு திசையில் இழுக்கிறது. அது மறைவையும் கூச்சத்தையும் குறிக்கும். ஆகவே, அந்தரங்கம் பற்றிய அச்சம் என்றால் படமும் உடலும் நினைவுக்கு வருகின்றன. தொடர்பு எண்களின் பட்டியல், இருப்பிடப் பதிவு, கைப்பேசியின் அடையாளம் ஆகியவை நினைவுக்கு வருவதில்லை. ‘எங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது’ என்னும் விடை இச்சொல்லின் எல்லைக்குள் முற்றிலும் முறையான விடையே.

2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, புட்டசாமி வழக்கில் தனியுரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தது. தன்னைப் பற்றிய தகவலின் மீது ஒருவர் கொண்டுள்ள கட்டுப்பாட்டையும் அத்தீர்ப்பு அதனுள் அடக்கியது. இந்தக் ‘கட்டுப்பாடு’ என்னும் கருத்து, மறைவு என்னும் கருத்தினின்று வேறுபட்டது. தமிழ் வழக்கில் அதற்கான எளிய சொல் இன்னும் வேரூன்றவில்லை.

வாட்ஸ்அப்பும் அரட்டையும்

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றுவதாக அறிவித்தபோது ஒரு மாறுபட்ட எதிர்வினை தோன்றியது. பயனர்கள் பெருந்திரளாகச் சிக்னல் செயலிக்குச் சென்றனர். புதிய வரவின் சுமையால் சிக்னல் அம்மாத நடுவில் செயலிழந்தது. சிக்னலும் அமெரிக்காவைச் சேர்ந்ததே. எனினும் அதனை நடத்துவது இலாப நோக்கற்ற அமைப்பு. அது பயனர் பற்றித் திரட்டும் தரவு மிகக் குறைவு. நாட்டை விடுத்து, நடைமுறையை நோக்கி மக்கள் வினா எழுப்பிய அரிய தருணம் இது.

ஆயினும் அவ்வினாவுக்குள் ஒரு குழப்பமும் இருந்தது. தனிப்பட்ட செய்திகளை நிறுவனம் இனிப் படிக்கும் எனப் பலர் அஞ்சினர். உண்மையில் 2016 முதல் அச்செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டவை. அனுப்புநர், பெறுநர் ஆகிய இருவரின் கருவிகளைத் தவிர வேறெங்கும் அவற்றைப் படிக்க இயலாது. சிக்கல் மீத்தரவில் உள்ளது. யார் யாரோடு, எப்போது, எந்தக் கருவியிலிருந்து தொடர்புகொண்டார் என்னும் தகவல் மறையாக்கத்துக்கு வெளியே நிற்கிறது. அதனைத் தாய் நிறுவனத்தோடு பகிரும் நடைமுறை 2016ஆம் ஆண்டுக் கொள்கையிலேயே தொடங்கிவிட்டது. அப்போது எதிர்ப்பு இவ்வளவு எழவில்லை. 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் 2021ஆம் ஆண்டுக் கொள்கைக்காக ரூ. 213.14 கோடி தண்டத்தொகை விதித்தது. ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு என்னும் நிலைக்குப் பயனரைத் தள்ளியதே குற்றமாகக் கருதப்பட்டது. ஒன்றிய அரசு 2021இல் வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் வாட்ஸ்அப் பயனர் 53 கோடி. இத்தகைய எண்ணிக்கைக்கு முன்னால் வெளியேறுதல் என்பது பெயரளவிலான தெரிவே. வாடிக்கையாளர் அனைவரும் ஒரு செயலியில் இருக்கையில், சிற்பி ஒருவர் மட்டும் வேறு செயலிக்குச் சென்று என்ன செய்வார்?

2025 செப்டம்பரில் நிகழ்ந்த அரட்டையின் எழுச்சியை இப்பின்னணியில் காணுதல் வேண்டும். இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்திருந்த காலம் அது. ஒன்றிய அமைச்சர்கள் உள்நாட்டுச் செயலிகளைப் பயன்படுத்துமாறு அழைப்பு விடுத்தனர். மூன்றே நாள்களில் அரட்டையின் அன்றாடப் புதிய பதிவுகள் 3,000இலிருந்து 3,50,000ஆக உயர்ந்ததாக நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். 2021இலேயே வெளிவந்த செயலி, நான்காண்டுகளுக்குப் பின் வணிகப் போரின் காரணமாகவே நாடறியப்பட்டது.

இங்கேதான் இரு வினாக்களும் நேருக்கு நேர் மோதுகின்றன. எழுச்சியின்போது அரட்டையில் குரல், காணொலி அழைப்புகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் இருந்தது. எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. பின்னரே அந்நிறுவனம் அதனைச் சேர்க்க முற்பட்டது. அதாவது, உரிமையாளரை நோக்கினால் அரட்டை உள்ளூரது. படிக்க இயல்வோரை நோக்கினால், அப்போதைய நிலையில் வாட்ஸ்அப்பின் செய்தியே கூடுதல் காப்புடையது. விளம்பரத்தை நம்பி இயங்காத நிறுவனம் என்பது அரட்டையின் சிறப்பு. அது வணிகச் சுரண்டலுக்கு எதிரான காப்பு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்கீழ் அரசு தகவலைக் கோரும் நிலைக்கு அது காப்பாகாது. இவ்வேறுபாட்டை அன்றைய கொண்டாட்டம் பெரும்பாலும் தவறவிட்டது.

தரவு இந்தியாவில் வைக்கப்பட்டால் போதும் என்னும் எண்ணமும் ஆய்வுக்குரியது. சிறுசேரியில் உள்ள வழங்கியில் தரவு இருந்தாலும், அதனைக் கட்டுப்படுத்துவது அமெரிக்க நிறுவனமாயின், 2018ஆம் ஆண்டின் ‘கிளவுட்’ சட்டப்படி அமெரிக்க அதிகாரிகள் உரிய ஆணையோடு அதனைக் கோரலாம். தரவின் இருப்பிடமும் தரவின் மீதான அதிகாரமும் ஒன்றல்ல.

சென்னை உயர் நீதிமன்றமும் மூலத்தைக் கண்டறிதலும்

அந்நிய நிறுவனத்தின் மீதான அவநம்பிக்கை எப்போதும் தனியுரிமைக்குத் துணைநிற்பதில்லை. 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கு, இணையவழித் துன்புறுத்தலைத் தடுக்கச் சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்குமாறு கோரியது. ஆதார்க் கோரிக்கை கைவிடப்பட்டு, செய்தியின் மூலத்தைக் கண்டறிதல் என்பதாக வழக்கு உருமாறியது. சென்னை ஐஐடி பேராசிரியர் வி. காமகோடி, மூல அனுப்புநரின் அடையாளத்தைச் செய்தியோடு இணைக்க இயலும் எனக் கருத்துரைத்தார். வாட்ஸ்அப் இதனை மறுத்தது. வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளில் மூலத்தைக் கண்டறியும் கடப்பாடு இடம்பெற்றது.

நிறுவனம் விசாரணைக்கு ஒத்துழைப்பதில்லை என்னும் குறையும், நிறுவனம் தரவைத் தவறாகப் பயன்படுத்துகிறது என்னும் குறையும் ஒரே அயலாரின் மீது சுமத்தப்படுகின்றன. ஆனால் முதற்குறைக்கான தீர்வு இரண்டாவதை மோசமாக்கும்.

சட்டமும் தமிழ் அறிவிப்பும்

எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவை 9ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. 2019இல் மதுரைக் கிளை எழுப்பிய வினாவுக்கு இது தாமதமான விடை. அரசு அறிவிக்கும் தன் அமைப்புகளுக்கு 17ஆம் பிரிவு விலக்களிக்கவும் வழிசெய்கிறது. அந்நிய நிறுவனத்தை ஐயுறும் மனம் இவ்விலக்கை ஐயுறாதது வியப்புக்குரியது.

தமிழாய்வாளர்க்கு நேரடியாக உரிய பகுதி 5ஆம் பிரிவாகும். தரவைத் திரட்டுமுன் தரப்படும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழியொன்றிலோ பெறும் தெரிவைப் பயனருக்கு அது அளிக்கிறது. எனவே அமெரிக்க நிறுவனமும் வல்லாஞ்சேரி நிறுவனமும் ஒருசேரத் தமிழில் இசைவு கேட்க வேண்டியிருக்கும். இவ்வறிவிப்புகள் எந்தத் தமிழில் எழுதப்படும்? எந்திர மொழிபெயர்ப்பில் உருவாகும் ‘மூன்றாம் தரப்பினருடன் பகிர்தல்’ போன்ற தொடர், யாருக்கு, எதற்காகத் தரப்படுகிறது என்பதை மறைத்துவிடுகிறது. ‘நீங்கள் யாரோடு பேசுகிறீர்கள் என்பதை விளம்பர நிறுவனங்களுக்குத் தருவோம்’ என்னும் தொடரோ ஐயத்துக்கு இடம் வைப்பதில்லை. ‘சொற்குவை’ போன்ற கலைச்சொல் தொகுப்புகள் தனிச்சொற்களைத் தருகின்றன. தொடரமைப்பும் விளங்குதிறனும் அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. விதிகளின்படி நிறுவனங்களின் முதன்மைக் கடப்பாடுகள் அறிவிக்கை வெளியாகிப் பதினெட்டு மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வருகின்றன.