தேய்த்தால் போகாத கருமை

"கழுத்தை நல்லாத் தேய்ச்சுக் குளிடி!" பிசிஓஎஸ் எனும் சினைப்பைக் கோளாறு உள்ள பெண்கள் பலர் வீட்டில் கேட்டுச் சலித்த வசனம் இது. பீர்க்கங்காய் நார், கடலை மாவு, எலுமிச்சைத் தோல் என்று எதை எதையோ வைத்துத் தேய்ப்பார்கள். தோல் சிவந்து எரியும்; கருமை அசையாது. அது அழுக்கல்ல. இன்சுலின் சொல்பேச்சை உடல் கேட்காதபோது ரத்தத்தில் அதன் அளவு கூடுகிறது. கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுக்கிறது. அதே இன்சுலின் சினைப்பையையும் உசுப்பி ஆண்ட்ரோஜன் எனும் ஆண்பால் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. தாடையில் முடி, ஓயாத பரு, தள்ளிப்போகும் மாதவிடாய் எல்லாம் இந்த வழியில் வருபவைதான்.

1935-இல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டெயினும் லெவென்தாலும் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய நாளிலிருந்து மருத்துவத்துக்குத் தெரிந்த சங்கதிதான் பிசிஓஎஸ். பிள்ளைப்பேறு வயதுப் பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் கல்யாண வீடுகளிலோ, "வாயைக் கட்டும்மா, எல்லாம் சரியாயிடும்" என்பதோடு வைத்தியம் முடிந்துவிடும். ஒல்லிப் பெண்களுக்கும் இது வரும் என்றால் சித்திகள் நம்புவதில்லை.

இங்கிலாந்தின் ஹர்னாம் கவுருக்கு பிசிஓஎஸ்ஸால் பள்ளி வயதிலேயே முகத்தில் தாடி. கேலி தாங்காமல் மழித்தார், வாக்ஸ் செய்தார். 16 வயதில் சீக்கியத் தீட்சை பெற்று, இனி முடியைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார். அந்தத் தாடியோடே லண்டனில் ஃபேஷன் மேடையேறினார், கின்னஸிலும் இடம்பிடித்தார்.

அதற்காக எல்லோரும் தாடி வளர்க்க வேண்டுமா என்ன? பார்லரில் புருவம் திருத்தி முடிந்ததும், பக்கத்து நாற்காலிக்குக் கேட்காதபடி "தாடையும்க்கா" என்கிற பெண்ணிடம் எனக்கொரு குறையும் இல்லை. அந்தக் குரல் தாழ்வதுதான் உறுத்துகிறது.

முடியை எடுப்பதும் விடுவதும் அவளிஷ்டம். மாதவிடாயை அப்படி விட முடியாது. மாதக்கணக்கில் வராவிட்டால் கருப்பையின் உள்படலம் தடித்துக்கொண்டே போகும்; பின்னாளில் அது புற்றுநோய் வரைகூடப் போகலாம். சர்க்கரையையும் அவ்வப்போது பார்த்தாக வேண்டும். உடலை வெறுக்கிறவள் மருத்துவரிடம் போகவே கூசுவாள் என்பதால்தான், ஏற்றுக்கொள்வதும் சிகிச்சையில் சேர்த்தி என்கிறேன்.

பிசிஓஎஸ்ஸுக்கென 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், மனச்சோர்வு இருக்கிறதா என்று விசாரிக்கவும், எடை பார்க்குமுன் அனுமதி கேட்கவும் மருத்துவர்களுக்குச் சொல்கிறது. நம்மூர் கிளினிக்குகள் பலவற்றில் எடை மெஷின் இருப்பது காத்திருப்போர் நடுவில். ஏறி நின்றதும் நர்ஸம்மா எண்ணை உரக்கப் படித்துவிட்டுத்தான் சீட்டில் எழுதுகிறார்.