விஷக்கடியும் அவசர வைத்தியமும்

சங்கரன்கோவில் சங்கரநாராயண சுவாமி ஆலயத்தில் பாம்பு, தேள் உருவம் பொறித்த தகடுகளைக் காணிக்கையிட்டு, புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பெற்றுச் செல்லும் குடியானவர்களின் பக்தியில், கரிசல் நிலத்தில் அன்றாடம் கால் பதித்து உழைப்போரின் மெய்யான அச்சமும் கலந்திருக்கிறது. பாரத தேசத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டுபோவதாக 2020-இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள்.

அதிக சம்பாத்தியமும் நிம்மதியான நித்திரையும் தரும் துறைகளை விடுத்து, இத்தகைய தேசத்தில் ஒரு வைத்தியர் அவசர சிகிச்சையை ஏன் வரித்துக்கொள்கிறார் என்ற வினாவுக்கு விஷக்கடியே தெளிவான விடை தருகிறதென்பது என் அபிப்பிராயம். சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து, 20 நிமிஷம் அசையாமல் வைத்திருந்து, அது உறையாவிடில், உறைதலைத் தடுக்கும் விரியன் வகையின் விஷம் ஏறியிருப்பதாக நிர்ணயித்துவிடலாம். பெரிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. தரையில் உறங்குபவனைக் கட்டுவிரியன் வலி தெரியாமலே தீண்டிவிட, விடியலில் வயிற்றுவலி என்று மட்டும் சொல்லி வரும் அவனுடைய இமைகள் தாழ்வதைக் கவனித்து, சுவாசத் தசைகள் தளர்ந்தவுடன் செயற்கைச் சுவாசம் அளிக்கும் வைத்தியர், சில தினங்களில் அவனை நடந்தே வீடு திரும்பச் செய்கிறார். வேறெந்தத் துறையில் இவ்வளவு சிறு சாதனங்களுக்கு இவ்வளவு பெரிய பலன் கிட்டும்?

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-இல் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டே இந்திய மருத்துவக் கவுன்சில் அவசர மருத்துவத்தைத் தனிப் பட்டமேற்படிப்பாக அங்கீகரித்தது. ஆயினும், சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலான பிரயாணம் இருக்கையில், நச்சுமுறி மருந்தின் முதல் குப்பி உள்ளூரிலேயே செலுத்தப்படுவது இன்றியமையாதது.