வில்லும் உயரமும்: வானலைப் பந்தய வண்டி கற்பிக்கும் பாடம்

கோறளைப்பற்று வடக்கிலே, கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்த ஊர் வாகரை. அங்கு ஒரு காலைப்பொழுதில் நடந்தே நால்வகைத் தரையை மிதித்துவிடலாம். காலைப் புதைக்கும் கரைமணல் ஒன்று. கோடையிற் களப்போரத்தே காய்ந்து பாளம் பாளமாய் வெடிக்கும் சேற்றுநிலம் மற்றொன்று. கிறவல் பரப்பிய ஒழுங்கை, திருக்கோணமலை நோக்கிச் செல்லும் தார் வீதி என்பன ஏனையவை. ஒரே வண்டி இந்நான்கிலும் ஒரே வகையாக ஓடுமா? ஓடாது. ஏன் ஓடாது என்பதை அளந்து காட்டவல்ல சிறு கருவியொன்று இன்று உண்டு. அதுவே வானலையால் இயக்கப்படும் பந்தய ட்ரக் வண்டி.

இதனைச் சிறுவர் பொம்மையென்று ஒதுக்குதல் தகாது. யப்பானின் டமியா நிறுவனம் 1976இல் இத்துறையிற் புகுந்து, 1979இல் மணலில் ஓடத்தக்க ‘சாண்ட் ஸ்கோர்ச்சர்’ வண்டியை வெளியிட்டது. 1984இல் அமெரிக்காவில் எழுந்த ‘ஆர்.சி.10’ எண்ணெய் நிரப்பிய அலுமினிய அதிர்வுதாங்கிகளைக் கொண்டிருந்தது. மறு ஆண்டிற் கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்த உலகப் போட்டியில் ஒரு பிரிவில் வாகை சூடியது. உண்மை வண்டியின் பத்திலொரு பங்கு அளவே உடையதாயினும், இதன் சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனிக் கையொன்றிற் பொருந்தி, சுருள்வில்லாலும் அதிர்வுதாங்கியாலும் தாங்கப்படுகின்றது.

வண்டி சிறுத்தது, ஆனால் வாகரையின் கிறவற்கல் சிறுக்கவில்லை. மூன்று சென்ரிமீற்றர்க் கல் இவ்வண்டிக்கு, பெருவண்டிக்கு முப்பது சென்ரிமீற்றர்ப் பாறை போன்றது. ஆகவே அடித்தட்டுக்கும் தரைக்கும் இடையேயுள்ள உயரம் இங்கு உயிர்நிலையாகின்றது. இவ்வகை ட்ரக் வண்டிகளில் அது பெரும்பாலும் 25 முதல் 30 மில்லிமீற்றர் வரை அமையும். அளக்கும் முறை எளிது. மின்கலம் உட்பட யாவும் ஏற்றிய வண்டியைச் சமதரைக்குமேல் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் உயர்த்திக் கைவிடுக. வில்கள் தாமாக அமைந்தபின், முன்னும் பின்னும் வேறுவேறாக அளந்து குறித்துக்கொள்க. வெற்று வண்டியை அளப்பது வீண்வேலை.

உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதிர்வுதாங்கியின் மேற்புறத்தே ஒரு வளையம் உண்டு. அதனைக் கீழே திருகினால் வண்டி எழும். பலர் ஏமாறும் இடம் இதுவே. வண்டி எழுந்ததும் வில் விறைத்துவிட்டதென எண்ணுகின்றனர். ஊக்கின் விதி 1678இலேயே அச்சேறியது. நீட்சியும் அமுக்கமும் விசைக்கு விகிதசமமாகும் என்பதே அது. மேலும் ஒரு மில்லிமீற்றர் அமுக்குதற்கு வேண்டிய விசை, வளையம் எங்கு நின்றாலும் மாறாது. வளையம் உயரத்தையே மாற்றும். விறைப்பை மாற்ற வேண்டின் வில்லையே மாற்ற வேண்டும், அன்றி அதிர்வுதாங்கி கையிற் பொருந்தும் இடத்தை மாற்ற வேண்டும். பின்னையதன் வலிமை வியப்புக்குரியது. கையின் நீளத்தில் 60 வீதத் தூரத்திற் பொருந்திய வில்லின் விறைப்பிற் சக்கரம் உணர்வது 36 வீதமே, ஏனெனில் விகிதத்தின் வர்க்கமே கணக்கில் வரும். அதனை 70 வீதத்துக்கு நகர்த்தினால் 49 வீதமாகும். செலவின்றியே மூன்றிலொரு பங்குக்கு மேல் விறைப்பு ஏறிவிட்டது.

தன் நிறையால் வில் எவ்வளவு அமிழ்கின்றது என்பதிலிருந்து ஆட்டத்தின் விரைவையும் கணிக்கலாம். சக்கரத்தினிடத்தே 10 மில்லிமீற்றர் அமிழுமாயின் வண்டி செக்கனுக்கு ஏறக்குறைய 5 தடவை ஆடும். 100 மில்லிமீற்றர் அமிழும் பேருந்தோ 1.6 தடவையே ஆடும். சிறுவண்டி துடிதுடிப்பதற்குக் காரணம் அதன் குறைபாடன்று, அளவேயாம்.

இனி வாகரைத் தரைகளுக்கு வருவோம். மணலில் வயிறு உழாதிருக்க உயரம் சற்றுக் கூடவேண்டும். சக்கரம் மேடுபள்ளத்தைத் தொடர்ந்து தழுவ மென்வில் வேண்டும். கிறவல் ஒழுங்கைக்கும் இதுவே பொருந்தும். தார் வீதியில் நிலைமை தலைகீழ். அங்கு ரயர் நன்கு பற்றுவதால், புவியீர்ப்பு மையம் உயர்ந்த வண்டி வளைவில் வழுக்காது, கவிழும். எனவே தாழ்த்தி, வில்லை விறைப்பாக்குதல் வேண்டும். கூரையில் மூடை ஏற்றிய பேருந்துக்கும் இவ்விதியே. ஆனால் அங்குக் கவிழ்வது பொம்மையன்று. காய்ந்த களப்போரம் இரண்டுக்கும் நடுவே நிற்கும்.

திசைதிருப்பியும் முகம் திரும்பாது நேரே ஓடினால் முன்வில்லை மென்மையாக்குக. வால் சுழன்றால் பின்வில்லை மென்மையாக்குக. ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றிக் குறிப்பேட்டில் எழுதுதல் நன்று. இவற்றையெல்லாம் விடுத்து, முதலில் வலிய மோட்டாரை வாங்குவோரே பலர். வலிய மோட்டார் பிழையான வண்டியை விரைவாகக் கவிழ்க்கும், அவ்வளவே.

எஞ்சியது எண்ணெய். வில் சேமித்த ஆற்றலை வெப்பமாக்கித் தணிப்பது அதிர்வுதாங்கியுள் உள்ள சிலிக்கோன் எண்ணெயின் பிசுக்கு. வெயில் ஏற ஏற அப்பிசுக்குக் குறையும். காலையில் அடக்கமாய் ஓடிய வண்டி நண்பகலில் மணல்மேட்டைத் தாண்டியதும் இருமுறை மும்முறை துள்ளுமாயின், வில்லைத் தொடவேண்டாம். ஒருபடி தடித்த எண்ணெயை ஊற்றி, தண்டில் ஒட்டிய உப்புமணலைத் துடைத்துவிட்டு மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.