கிறிஸ்துமஸ் நட்சத்திர பிஸ்கட்: சட்டியிலேயே சுடலாம், கணக்குப் போட்டு விற்கலாம்



கார்த்திகை பிறந்துவிட்டால் ஐந்தருவிப் பக்கம் இரண்டு விதமான கூட்டம் வரும். சபரிமலைக்குப் போகிற, போய்த் திரும்புகிற ஐயப்ப பக்தர்கள் ஒரு பக்கம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் இன்னொரு பக்கம். தென்காசி, திருநெல்வேலி வட்டாரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் கலகலாவும் செய்து அக்கம்பக்கத்துக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பதும் இந்த மாதத்தில்தான். இப்போது பேக்கரிகளில் நட்சத்திரம், மணி, பனிப்பூ வடிவத்தில், மேலே வெள்ளை ஐசிங் போட்ட சர்க்கரை பிஸ்கட்டும் கிடைக்கிறது.

"இதை நாம செய்ய முடியாதா? ஓவன் வாங்கக் கடன் கிடைக்குமா?" என்று குழுக் கூட்டங்களில் கேட்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஓவன் கடனை இப்போதைக்குத் தொட வேண்டாம். கிறிஸ்துமஸ் ஒரு மாதம்தான். தவணை பன்னிரண்டு மாதமும் வரும். முதலில் வீட்டுச் சட்டியில் சுட்டு, விற்றுப் பார்த்து, கணக்கை எழுதிப் பார்ப்போம்.

தேவையான பொருட்கள் (சுமார் 40 பிஸ்கட்டுக்கு)

மைதா 250 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 125 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், பால் 2 மேசைக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி கொஞ்சம், உப்பு ஒரு சிட்டிகை. முட்டை வேண்டாம். மாலை போட்டவர்களும் வாங்குவார்கள் அல்லவா?

கலகலாவுக்கும் இதே மைதா, சர்க்கரைதான். அதை எண்ணெயில் பொரிக்கிறோம், இதை அனலில் சுடுகிறோம். வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி போட்டால் செலவு குறையும், ஆனால் ருசியும் குறையும். வனஸ்பதி வாங்கினால் பாக்கெட்டில் வாங்குங்கள். எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2022 ஜனவரி முதல் சட்டம். சில்லறையாக அளந்து தரும் பொருளில் அதை நாம் எப்படிப் பார்ப்பது?

செய்முறை

1. வெண்ணெயையும் சர்க்கரையையும் நன்றாகக் குழைக்கவும். சலித்த மைதா, உப்பு, ஏலக்காய் சேர்த்து, பாலைத் தெளித்துப் பிசையவும். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசையக் கூடாது, பிஸ்கட் கல்லாகிவிடும்.

2. மாவை மூடி அரை மணி நேரம் குளிர வைக்கவும். இந்த வேலையை விட்டுவிடாதீர்கள். வெண்ணெய் இளகியிருந்தால், மாவு வெந்து இறுகுவதற்குள் பிஸ்கட் பரவிவிடும். வெட்டும்போது நட்சத்திரம், வேகும்போது அப்பளம்! ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் மார்கழி விடியற்காலையில் மாவு பிசையுங்கள். மாவுப் பாத்திரத்தை இறுக மூடி, குளிர்ந்த தண்ணீர் உள்ள அகலப் பாத்திரத்துக்குள் வைத்தாலும் போதும்.

3. அரை சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரே சீராகத் தேய்க்கவும். அச்சு இல்லையென்றால் அட்டையில் நட்சத்திரம், மணி வெட்டி, மாவின் மேல் வைத்துக் கத்தியால் அறுக்கலாம். வட்டத்துக்கு டம்ளர் இருக்கிறது.

4. அடி கனமான பழைய சட்டியில் அரை அங்குலம் கல் உப்பு அல்லது சுத்தமான காய்ந்த மணல் பரப்பி, மேலே ஒரு இரும்பு ஸ்டாண்டு வைத்து, மூடி போட்டு 10 நிமிடம் சூடாக்கவும். நெய் தடவிய தட்டில் இடைவெளி விட்டு பிஸ்கட்டை அடுக்கி, ஸ்டாண்டின் மேல் வைத்து மூடவும். சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம். ஓரம் லேசாகச் சிவந்ததும் எடுத்துவிடவும். சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பாகும். குக்கரில் செய்பவர்கள் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும்.

கோலம் போடும் கைக்கு ஐசிங் கஷ்டமா?

150 கிராம் சர்க்கரையும் 2 தேக்கரண்டி கார்ன் ஃபிளவர் மாவும் சேர்த்து, ஈரமில்லாத மிக்சியில் நைசாக அரைத்துச் சலிக்கவும். ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் குழைக்கவும். பால் சேர்த்தால் சீக்கிரம் கெட்டுப்போகும், தண்ணீரே நல்லது.

பதம் இரண்டு. ஓரக்கோடு போடக் கெட்டிப் பதம். உள்ளே நிரப்ப இளகிய பதம்: கரண்டியால் ஒரு கோடு கிழித்தால், பத்து எண்ணுவதற்குள் அது மறைய வேண்டும். மருதாணி கோன் மாதிரி எண்ணெய்க் காகிதத்தைச் சுருட்டி, நுனியை வெட்டிக்கொள்ளுங்கள்.

பனி என்றால் நமக்கு மார்கழிப் பனிதான். குளிர் நாடுகளில் விழும் பனிப்பூவை உற்றுப் பார்த்தால் ஆறு பக்கம் இருக்கும். தண்ணீர் உறையும்போது அதன் துகள்கள் ஆறு மூலையாகச் சேர்வதுதான் காரணம். ஆறு முனை நட்சத்திரக் கோலம் போடத் தெரிந்தவருக்கு இது தெரிந்த வேலை. நடுவில் ஒரு புள்ளி, ஆறு கோடு, ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு கிளை.

நிறம் வேண்டுமென்றால் பீட்ரூட் சாறு, மஞ்சள் போதும். கடையில் நிறம் வாங்கினால் உணவுக்கு அனுமதிக்கப்பட்டது என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்கே தடை போட்டது நினைவிருக்கும்.

நம் ஊரில் ஈரம்தான் எதிரி

சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அருவிக் காற்றும் மழையும் உள்ள நாளில் பிஸ்கட்டைத் திறந்து வைத்தால் நமத்துப்போகும், ஐசிங்கும் பிசுபிசுக்கும். அதனால் முழுதாக ஆறிய பிறகே ஐசிங் போடவும். ஐசிங் ஒரு ராத்திரி காய்ந்த பிறகே டப்பாவில் அடைக்கவும். இறுக மூடும் எவர்சில்வர் டப்பாதான் நல்லது. விடாத மழை என்றால் ஐசிங்கே வேண்டாம். சுடுவதற்கு முன்பே மேலே சர்க்கரையைத் தூவி லேசாக அழுத்திவிடுங்கள், பனி மாதிரி மின்னும்.

அட்டைப் பெட்டி ஈரத்தைத் தடுக்காது. ஆகவே செய்து வைத்து விற்பதைவிட, ஆர்டர் வாங்கிச் செய்து, உடனே கொடுப்பதே பாதுகாப்பு. அருவிக்கரையில் தட்டில் வைத்து விற்கலாமே என்று நினைக்காதீர்கள். சாரலும் குரங்கும் உங்களுக்கு மிச்சம் வைக்காது!

உண்மையான கணக்கு

கீழே உள்ள விலைகள் உதாரணம்தான். உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மைதா ரூ.15, வெண்ணெய் ரூ.75, சர்க்கரை ரூ.12, ஏலக்காய் முதலியவை ரூ.13, காஸ் ரூ.15, பெட்டி ரூ.20. மொத்தம் ரூ.150.

40 பிஸ்கட்டில் உடைந்தது, கருகியது 4 போனால், விற்க 36 இருக்கும். ஒன்று 5 ரூபாய் என்றால் ரூ.180 வரும். "முப்பது ரூபாய் லாபம்" என்று தோன்றும். ஆனால் சட்டியில் எட்டு எட்டாகச் சுட்டு, ஐசிங்கும் போட 4 மணி நேரம் ஆகிறதே, அந்த உழைப்புக்கு யார் கூலி கொடுப்பது? மணிக்கு 50 ரூபாய் என்று வைத்தாலும் ரூ.200. அப்போது செலவு ரூ.350, ஒரு பிஸ்கட்டுக்கு அடக்கம் 9 ரூபாய் 72 பைசா. 5 ரூபாய்க்கு விற்றால் ரூ.170 நஷ்டம். 12 ரூபாய்க்கு விற்றால் ரூ.432 வரும், கூலி போக ரூ.82 மிஞ்சும்.

வீட்டுப் பெண்ணின் நேரம் சும்மா வருவதில்லை. கூலியைச் சேர்க்காமல் விலை வைத்தால், நம் உழைப்பை நாமே இலவசமாக விற்கிறோம் என்று அர்த்தம்.

விற்பதற்கு முன்

வீட்டில் செய்து விற்றாலும், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-ன்படி பதிவு செய்ய வேண்டும். உங்கள் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டால் வழி சொல்வார்கள். பெட்டியின் மேல் பொருளின் பெயர், சேர்த்த பொருட்கள், எடை, விலை, செய்த தேதி, எதுவரை சாப்பிடலாம், செய்தவர் முகவரி, 14 இலக்கப் பதிவு எண், சைவப் பொருளுக்கான பச்சைக் குறி ஆகியவை இருக்கட்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. துணிப்பை, காகிதப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவில் ஐந்து பேர் சேர்ந்து முதலில் ஒரு கிலோ மாவுக்குச் செய்து பாருங்கள். செலவு, நேரம், உடைந்தது, விற்றது, திரும்பி வந்தது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறந்தநாள், பள்ளி விழா என்று கிறிஸ்துமஸ் முடிந்த பிறகும் ஆர்டர் வருகிறதா என்று தை, மாசி வரை பாருங்கள். சட்டியில் சுட்டு மாளவில்லை என்ற நிலை வந்தால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வாருங்கள். ஓவன் கடனைப் பற்றி அப்போது சேர்ந்து பேசுவோம்.