மாசிக்காய்க் குளவியும் முள்முருங்கைக் குளவியும்

நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் மாசிக்காய் உண்மையில் காயன்று. சின்ன ஆசியாவில் வளரும் ஓக் ஜாதி மரமொன்றின் மொட்டில் சிறு குளவி முட்டையிட, அவ்விடம் பருத்து உண்டாகும் கழலையே அது. அதனுடன் அன்னபேதி சேர்த்து முற்காலத்தில் எழுதும் மை செய்தனர். இக்குளவி கூடு கட்டுவதுமில்லை, மனிதரைக் கொட்டுவதுமில்லை. இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை பெரும்பாலும் ஓக் மரங்களையே நாடும்.

ஆனால் கழலை உண்டாக்கும் குளவிகள் யாவும் ஒரே குடும்பத்தன அல்ல. மிளகுக் கொடி படர்வதற்காக நடப்படும் முள்முருங்கையைக் கெடுப்பது வேறொரு குடும்பத்தது. 2004-ஆம் ஆண்டிலேயே விஞ்ஞானிகள் அதற்குப் பெயரிட்டனர். அதன் நீளம் சுமார் 1.5 மில்லிமீட்டர். இளந்தளிரிலும் காம்பிலும் அது முட்டையிட, இலைகள் சுருண்டு, காம்புகள் வீங்கும்; தாக்குதல் கடுமையாயின் மரமே பட்டுப்போவதும் உண்டு.

இதன் உறவினங்களுட் பல, பயிர்ப் பூச்சிகளின் உடலில் முட்டையிட்டு அவற்றை அழிக்கும் நண்பர்களாம். 2005-இல் ஹவாய்த் தீவுகளில் இக்கேடு தோன்றிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து கொணர்ந்த மற்றொரு குளவியை 2008-இல் விட்டு, அதனைப் பெரிதும் தணித்தனர்.

ஆகவே, கண்ட குளவிக்கெல்லாம் மருந்து தெளித்தல் தகாது. கழலையினுள் இருக்கும் புழுவை அம்மருந்து எளிதில் எட்டாது. வெளியே திரியும் நண்பர்களே மடியும். கழலை கண்ட தளிர்களைக் குளவி வெளிப்படுமுன் வெட்டி எரித்திடுக. அத்தகைய மரத்தின் போத்துகளை வேற்றூருக்கு அனுப்பற்க. கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.