விலைச்சீட்டை மறைத்துவிட்டுக் கேளுங்கள்

தீபாவளி நெருங்கும் வாரங்களில் சுங்கைப்பட்டாணி, கூலிம் கடைவீதிகளில் நடந்தால், மின்பொருள் கடை வாசல்களில் ஒலிபெருக்கிகள் முழங்கிக்கொண்டிருக்கும். 80 ரிங்கிட்டுக்கு ஒன்று, 400 ரிங்கிட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் இரண்டையும் பாட வைத்து, "கேட்டீங்களா, பாஸ் எப்படி இருக்கு!" என்பார். நமக்கும் 400 ரிங்கிட் ஒலிபெருக்கியே இனிமையாகத் தோன்றும். அது உண்மையிலேயே இனிமையானதா, விலையைப் பார்த்ததால் அப்படித் தோன்றுகிறதா?

இது வெறும் ரசனைக் கேள்வி அன்று. நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். மாதம் 26 நாள் வேலை என்று கணக்கிட்டால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 65 ரிங்கிட். அந்த இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் இடையிலான 320 ரிங்கிட், தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ அந்தச் சம்பளம் வாங்கும் ஒருவரின் 5 நாள் உழைப்பு.

கண்ணும் சேர்ந்து கேட்கிறது

நம் கடைகளிலும் கிடைக்கும் ஜேபிஎல் ஒலிபெருக்கிகளின் தாய் நிறுவனம் ஹார்மன். அங்கே பணியாற்றிய ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1994-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அந்நிறுவன ஊழியர்கள் 40 பேர் 4 ஒலிபெருக்கிகளைக் கேட்டு மதிப்பெண் வழங்கினார்கள். ஒரு முறை ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். இன்னொரு முறை அவை திரைக்குப் பின்னால் இருந்தன.

பார்த்துக் கேட்டபோது, பெரிய ஒலிபெருக்கிகளுக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. சிறிய, மலிவானது பின்தங்கியது. திரை போட்டதும் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. ஒலிபெருக்கிகள் மாறவில்லை, கண்ணுக்குத் தெரிந்த தகவல் மட்டுமே மாறியது. அந்த ஊழியர்கள் பொய் சொல்லவில்லை. காது அனுப்பும் செய்தியோடு அளவு, விலை, பெயர் எல்லாவற்றையும் சேர்த்தே மூளை முடிவெடுக்கிறது.

சத்தம் செய்யும் வேலை

இன்னொரு மறைந்த காரணி சத்தத்தின் அளவு. ஒலி மெதுவாக இருக்கும்போது, தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளை நம் காது குறைவாகவே உணரும். 1933-இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். ஆகவே ஒலியளவைச் சற்றுக் கூட்டினாலே பாஸ் நிறைந்து ஒலிப்பது போலத் தோன்றும். இரண்டு கருவிகளுக்கிடையே 1 டெசிபல் வேறுபாடு இருந்தால்கூட, "சத்தம் கூடியிருக்கிறது" என்று உணராமல் "தெளிவு கூடியிருக்கிறது" என்று எண்ணிவிடுவோம்.

நீங்களே செய்து பாருங்கள்

மாணவர்களே, அறிவியல் பாடத்தில் மாறிகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இங்கே மாற வேண்டியது ஒலிபெருக்கி ஒன்று மட்டுமே. மற்ற அனைத்தும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நண்பர்கள் மூவர் போதும். ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்கட்டும். மேசையில் ஓரிடத்தைக் குறித்து, இரண்டு ஒலிபெருக்கிகளையும் மாறி மாறி அதே இடத்தில் வையுங்கள். இடம் மாறினால் ஒலியும் மாறும். இதற்காகவே ஹார்மன் நிறுவனம், காற்றழுத்தத்தால் ஒலிபெருக்கிகளை நகர்த்தி ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் தனி அறையைக் கட்டியது. நமக்கு இரண்டு கைகள் போதும்.

கைப்பேசியில் உள்ள டெசிபல் செயலியைக் கேட்பவரின் இருக்கையில் வைத்து, இரண்டின் ஒலியளவையும் சமமாக்குங்கள். ஒரே பாடலின் ஒரே பகுதியை ஒலிக்க விடுங்கள். எதை முதலில் வைப்பது என்பதை ஒவ்வொரு முறையும் பூவா தலையா போட்டு முடிவு செய்யுங்கள். கேட்பவர் "முதலாவது" அல்லது "இரண்டாவது" என்று தமக்குப் பிடித்ததைச் சொல்ல வேண்டும். விடையை எழுதுபவர் மூன்றாம் நண்பர். எது எந்த ஒலிபெருக்கி என்று அவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் குரலிலோ சிரிப்பிலோ காட்டிக்கொடுத்துவிடுவார். இப்படி 10 முறை செய்யுங்கள்.

எண்ணிப் பார்க்கும்போது

ஏன் 10 முறை? இங்கிலாந்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானி, கோப்பையில் பால் முதலில் ஊற்றப்பட்டதா தேநீர் முதலில் ஊற்றப்பட்டதா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். அவருடன் பணியாற்றிய புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர், இத்தகைய சோதனையை 1935-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். 8 கோப்பைகள், 4-இல் பால் முதலில், 4-இல் தேநீர் முதலில். வெறும் ஊகத்தால் அனைத்தையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70-இல் 1 மட்டுமே. ஒரே ஒரு கோப்பை என்றால் 2-இல் 1!

நம் சோதனைக்கும் அதே கணக்குதான். வேறுபாடு ஒன்றும் தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னாலும், விலை உயர்ந்த ஒலிபெருக்கி 5 அல்லது 6 முறை வெல்வது சாதாரணம். 9 அல்லது 10 முறை வெல்லும் வாய்ப்போ 1,024-இல் 11, அதாவது 100-இல் ஏறக்குறைய 1. அத்தனை முறை வென்றால் உங்கள் காது உண்மையிலேயே எதையோ கேட்டிருக்கிறது என்று நம்பலாம்.

அப்படியானால் எல்லா ஒலிபெருக்கியும் ஒன்றுதானா? இல்லை. டூல் இதற்கு முன்பு கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் நடத்திய மறைசோதனைகளில், நல்ல செவித்திறன் உள்ளவர்கள் பெரும்பாலும் ஒரே வகை ஒலிபெருக்கிகளையே விரும்பினார்கள். தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எதையும் மிகையாக்காமல், குறைக்காமல் தருபவை அவை. நல்ல ஒலி என்பது உண்டு. விலைச்சீட்டைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

முடிவு 5-க்கு 5 என்று வந்தால், "இரண்டும் ஒன்றே" என்று நிரூபித்துவிட்டதாக எண்ண வேண்டாம். இந்தப் பாடலில், இந்த அறையில், உங்கள் காதுக்கு வேறுபாடு தெரியவில்லை என்பதே அதன் பொருள். வாங்கும் முடிவுக்கு அதுவே பெரிய தகவல். அதன்பின் மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும், உத்தரவாதம் எத்தனை மாதம் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவற்றைப் பார்க்கக் கண்ணைக் கட்டத் தேவையில்லை.